ஏலக்காய் அடுப்பில் உறைந்த ஐஸ்

போன மாதம் கஞ்சிக்கோட்டுப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த பட்டறைதான். இவர்கள் இப்போது அங்கே மெக்கானிக்குகள். மலைக்கிராமத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் சூரியத் தகட்டில் ஓடும் தடுப்பூசிப் பெட்டியை மாட்டிவிட்டு நேராக வந்திருந்தார்கள். கைப்பேசியில் படம் காட்டினார்கள். கூரைமேல் நீலத் தகடு, கீழே வெள்ளைப் பெட்டி. சத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை.

"உங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்கய்யா" என்றான் ஒருவன்.

"இருந்துச்சு. வெயில்ல ஐஸ் போட்டிருக்கறோம்" என்றேன்.

இருவரும் மரியாதையாகச் சிரித்தார்கள். வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிடும் சிரிப்பு அது. அதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் கடலைக்காய் போடும் குடும்பம் எங்களுடையது. எனக்கு மண்ணைவிட இரும்பு பிடித்தது. கோயமுத்தூரில் கேஸ் வெல்டிங் கற்றேன். அங்கே கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புருவம் இரண்டு முறை கருகி இரண்டு முறையும் முளைத்தது. எழுபதுகளின் நடுவில் கஞ்சிக்கோட்டில் ஐஸ் பிளாண்டுகளுக்குக் குழாய் வேலை செய்யும் சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் விசுவநாதன் சார்.

சார் கல்பாத்திக்காரர், எஞ்சினியர். கொச்சியில் பெரிய ஐஸ் பிளாண்டுகளில் இருந்துவிட்டு வந்தவர். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வெல்டு சரியில்லை என்றால், "ஆறுச்சாமி, இங்கே வா. உக்காரு. இதைச் சித்த நேரம் பாப்போம்" என்பார். பக்கத்தில் உட்கார வைத்து இருவருமாக அந்த வெல்டைப் பார்ப்போம். கொஞ்ச நேரத்தில் எனக்கே காது சூடாகிவிடும். எழுந்து போய் அறுத்துவிட்டு மறுபடி பற்றவைப்பேன். "கெட்டுப்போச்சு" என்ற சொல்லை மட்டும் அவரிடம் சொல்லக் கூடாது. "கெட்டுப்போகல்லை. அது என்னமோ சொல்றது, நமக்குக் கேக்கல்லை" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், வெயில். பாலக்காட்டுக்குக் கிழக்கே அடிக்கிற வெயிலைப் பார்த்தால் அவருக்கு வயிறெரியும். "இத்தனையும் வீணாப் போறது, கேட்டியா" என்று புலம்புவார். கரண்ட் வராத ஊரில், வந்தாலும் நிற்காத ஊரில், மருந்து கெடாமலிருக்க வெயிலைக் கொண்டே குளிர் உண்டாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். முதலாளி சிரித்துக்கொண்டே பழைய இரும்பைத் தந்தார். நாங்கள் பெட்டி செய்யத் தொடங்கினோம்.

அந்தப் பெட்டியில் மோட்டார் கிடையாது. பெரிய இரும்பு உருளை ஒன்று, சின்னது ஒன்று. இரண்டையும் ஓர் இரும்புக் குழாய் இணைக்கும். குழாய் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்து வெளிவரும். பெரிய உருளையில் அம்மோனியா கரைந்த தண்ணீர். வளைத்த தகடுகளால் அதன்மேல் வெயிலைக் குவித்தால் அம்மோனியா ஆவியாகிக் கிளம்பும். தொட்டித் தண்ணீரில் குளிர்ந்து திரவமாகிச் சின்ன உருளையில் சேரும். வெயில் தாழ்ந்ததும் பெரிய உருளை ஆறும். ஆறினால் அதற்குத் தாகம் வந்துவிடும். விட்ட அம்மோனியாவை எல்லாம் திரும்ப இழுக்கும். சின்ன உருளையில் இருந்தது மறுபடி ஆவியாகிப் போகும்போது சுற்றியுள்ள சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். சின்ன உருளை தக்கை அடைத்த பெட்டிக்குள் இருக்கும். அதைச் சுற்றி வைத்த தண்ணீர் விடிவதற்குள் ஐஸாகும்.

சொல்வது எளிது. அம்மோனியா பொல்லாதது. பித்தளையும் செம்பும் அதற்கு அல்வா மாதிரி, அரித்துத் தின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு இணைப்பும் இரும்பு. குழாயில் காற்றை அழுத்தித் தண்ணீருக்குள் முக்கிப் பார்ப்போம். பிறகு சோப்பு நுரை. அம்மோனியா நிரப்பிய பின் கந்தகத் திரியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பின் பக்கமும் கொண்டுபோவோம். கசிவு இருந்தால் அந்த இடத்தில் பால் போல வெள்ளைப் புகை எழும். சார் அந்தத் திரியைப் பிடித்துக்கொண்டு குழாய் நெடுக நடப்பதைப் பார்த்தால், சாமிக்குத் தீபாராதனை காட்டுகிறார் என்று தோன்றும்.

அதைவிட முக்கியம் கண்கட்டு. அம்மோனியா கண்ணில் பட்டால் கண் திறக்காது. எனவே பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் எவரும் கண்ணை மூடிக்கொண்டே அதை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சாரின் சட்டம். முதலில் சூட்டைத் தள்ளு, பிறகு வால்வை மூடு. முறை மாறக் கூடாது. துண்டால் கண்ணைக் கட்டி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "கசியறது" என்பார். நான் முதல் தடவை வால்வு என்று நினைத்துப் பிடித்தது அவருடைய மூக்கை. அவர் அசையாமல் நின்று, "இது பெட்டியோடதில்லை" என்றார்.

முதல் பெட்டியை வேலந்தாவளம் மாட்டாஸ்பத்திரி முற்றத்தில் வைத்தோம். சந்தைநாள். மாட்டுத் தரகர் ஒருவர் நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, வெயில்ல ஐஸு உருகும்னு கேட்டிருக்கறன். நீங்க வெயில்லயே ஐஸு போடறமுங்கறீங்க. நாளைக்கு மாடு ஆளைக் கறக்கும்பீங்களாட்ட இருக்குது?"

சார் பெட்டியைத் திறந்து, பாதித் தேங்காய் அளவுக்கு இருந்த ஐஸை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். தரகர் திகைத்துப்போய்க் கையைக் கீழே இறக்க, பக்கத்தில் நின்ற காங்கேயம் காளை நாக்கை நீட்டி நக்கத் தொடங்கியது. விடவே இல்லை. எங்கள் முதல் ஐஸை முழுதும் தின்றது அந்தக் காளைதான். அன்றைக்கு அதன் விலை ஏறிற்று என்று தரகர் பிறகு சொன்னார்.

செய்தி எப்படியோ போடிநாயக்கனூருக்குப் போயிற்று. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி ஆளனுப்பினார். அவர் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கரண்ட் இல்லை. ஊசி மருந்துக்காகப் போடியிலிருந்து மரத்தூளில் புதைத்து ஐஸ் வரும். மலைவளைவுகளில் பாதி தண்ணீராக ஒழுகிவிடும். மாசி மாதம் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டினோம். நல்ல வெயில். மறுநாள் காலை ஐஸ்.

டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொண்டவர் ஞானசெல்வம் சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். அவர் மட்டும் நர்ஸ் படிப்பு படித்துவிட்டு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அதே லயத்துக்குத் திரும்பி வந்தவர். டாக்டர் மாதம் ஒரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் சிஸ்டர்தான் டாக்டர். கண்கட்டுப் பரீட்சையில் முதல் தடவையிலேயே நேராகப் போய் வால்வைப் பிடித்தார். சார் அசந்துபோனார்.

"எப்படிம்மா?"

"எங்க டிஸ்பென்சரில என்னைக்கி சார் லைட்டு இருந்துச்சு? பாதி வேலய தடவித்தான செய்யுதேன்."

ஆடி பிறந்தது. மேலே மூட்டம் இறங்கிற்று. "பெட்டி படுத்துவிட்டது" என்று ஆள் மூலம் சேதி வந்தது. தெரிந்த விஷயம்தான், வெயில் இல்லாமல் அது என்ன செய்யும்? ஆனால் கூடவே வந்த சேதி வேறு. லயங்களில் குழந்தைகளுக்குக் கக்குவான் இருமல் பரவுகிறது, ஒரு கைக்குழந்தை போய்விட்டது.

சாரும் நானும் கிளம்பினோம். போடியில் முதலாளி ஒரு பெரிய பிளாஸ்கைச் சாரிடம் தந்தார். மதுரையிலிருந்து வரவழைத்த முத்தடுப்பு மருந்து, ஐஸ் போட்டு வைத்தது. "நீங்க எப்படியும் மேல போறீங்க. சிஸ்டர்கிட்ட சேத்துருங்க" என்றார். சார் அதை மடியில் வைத்துக்கொண்டு மலையேறினார். நாங்கள் ஏறிய அன்று சாயங்காலமே பின்னால் மண் சரிந்து சாலை அடைத்துக்கொண்டது.

சிஸ்டர் பிளாஸ்கைத் திறந்து பார்த்தார். ஐஸ் பாதி கரைந்திருந்தது.

"பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கு நாளைக்கே போட்டுருவேன் சார். ஓடைக்கு அங்கிட்டு இருக்கற பிள்ளைக தண்ணி வடியாம வர முடியாது. மறு தவணைக்கும் மருந்து வேணும். ஒரு மாசம் இது குளிர்லயே இருக்கணும். உறையவும் கூடாது."

"இங்கத்திக் குளிர் போதாதோ?" என்றார் சார்.

"நமக்குப் போதும். மருந்துக்குப் போதாது."

மறுநாள் முழுதும் சார் பெட்டிக்கு முன்னால் குடைபிடித்து உட்கார்ந்திருந்தார். தகடுகளில் மூட்டம் நீராக வழிந்தது. நான் பக்கத்தில் நின்றேன். மேலே வெண்மையைத் தவிர வேறில்லை. சார் முகம் அப்படி வாடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விறகு வைத்து உருளையைச் சூடாக்கலாமா என்று கேட்டேன். அவரும் அதை யோசித்திருந்தார். ஈர விறகு, தீ ஒரு சமயம் எகிறும், ஒரு சமயம் அணையும். அழுத்தம் எக்குத்தப்பாக ஏறினால் உருளை வெடிக்கும். "சீரான சூடு வேணும். தினம் வேணும்" என்றார்.

அப்போது சிஸ்டர் துவைத்த கட்டுத் துணிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். சார் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று, "மழையிலே துணியை எங்கே கொண்டுபோறா?" என்றார்.

பின்னால் போனோம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் பின்புறம். உள்ளே தட்டுத் தட்டாகக் காய். அதற்கடியில் அடுப்புப் புகை செல்லும் பெரிய தகரக் குழாய்கள். புகை கடைசியில் பின்சுவரைத் தாண்டிப் புகைபோக்கியில் ஏறும். அந்தப் புகைபோக்கியின் செங்கல்மீது சிஸ்டர் துணிகளை விரித்துக்கொண்டிருந்தார். துணியிலிருந்து ஆவி பறந்தது. சார் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் செங்கல்மேல் வைத்தார். அப்புறம் நெற்றியையும் வைத்தார். எடுக்கவே இல்லை.

"இந்த அடுப்பு எப்போ அணையும்?" என்று கேட்டார்.

"காய்ப்பறிப்பு முடியறவரைக்கும் அணையாது சார். அந்தோணி அண்ணன் விடமாட்டாவ."

அந்தோணி அண்ணன் ஸ்டோர் மேஸ்திரி. தீயைக் கண்ணாலேயே அளப்பவர். கொஞ்சம் கூடினால் காய் பழுத்து வெளுக்கும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். பச்சை மாறாமல் எடுப்பதுதான் அவர் பெருமை. சார் விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார்.

"சார், ஒங்க பெட்டி நாத்தத்த நான் மாசியிலேயே மோந்து பாத்துருக்கேன். ஏலக்கா எந்த மணத்தயும் இழுத்துக்கிடும். இதுல அந்த வாட ஏறிச்சின்னா ஒரு வருசத்து வெள்ளாம வீணாப்போவும். நான் மாட்டேன்."

"காய்ச்சி முடிச்ச புகைதானே, அந்தோணி. உங்க காய்க்கு வேண்டியதெல்லாம் எடுத்தாச்சு. மிச்சம் ஆகாசத்துக்குப் போறது. அதை எனக்குத் தாங்கோ."

"வாடைக்கு என்ன பதிலு?"

சார் பொய் சொல்லமாட்டார். "கசியாதுன்னு சத்தியம் பண்ண முடியாது" என்றார். சிஸ்டர்தான் பேசினார். இறந்த குழந்தையின் பெயரைச் சொன்னார். அந்தோணி கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தார். "காய்க்கூடத்துச் சன்னலயெல்லாம் ஈரச்சாக்கு போட்டு அடச்சுக்கிடுதேன். ஆனா புகைய நிறுத்துற தகடு என் கையிலதான் இருக்கும். நான் இழுத்தா இழுத்ததுதான்" என்றார்.

அதுதான் எங்களுக்கும் வேண்டியது, இரவில் உருளை ஆறப் புகையை நிறுத்தியாக வேண்டும். புகைபோக்கி அடியில் செங்கலும் மண்ணும் வைத்து ஒரு கூண்டு கட்டினோம். வெயில் குவிக்கும் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிய உருளையை அதற்குள் இறக்கினோம். புகை உருளையைச் சுற்றிப் போக ஒரு வழி, சுற்றாமல் நேரே மேலே போக ஒரு வழி. நடுவில் இழுக்கும் தகடு. தக்கைப் பெட்டியை ஸ்டோரின் பின்தாழ்வாரத்துக்கு மாற்றினோம். முதல் முயற்சியில் புகை திரும்பி அடுப்பு வாயில் வழியாக வந்து அந்தோணியின் மீசையைக் கறுப்பாக்கிற்று. கூண்டை அகலமாக்கினோம். அடுத்த முயற்சியில் புகை இழுத்தது. உருளை சூடேறியது. குழாய் தொட்டித் தண்ணீரில் முனகத் தொடங்கியது. அந்த முனகலைக் கேட்டதும் சார் என் தோளில் தட்டினார்.

கொஞ்ச நேரத்துக்குப் பின் அது நடந்தது. நான் புகைபோக்கிமேல் ஏறிச் செங்கல் இடுக்கை மண்ணால் பூசிக்கொண்டிருந்தேன். சார் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போயிருந்தார். கீழே சீறல் கேட்டது. மாசியில் வெயிலுக்கும் இப்போது புகைக்குமாக இறுகித் தளர்ந்த ஓர் இணைப்பில், கசியாமலிருக்க இடையில் வைத்த ஈய வளையம் பிளந்துவிட்டது. அம்மோனியா வாடை முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. மேலிருந்தபடியே, "சூட்டைத் தள்ளுங்க" என்று கத்தினேன். கத்தவே வேண்டியிருக்கவில்லை, தகடு கிறீச்சென்று இழுபடும் ஓசை அதற்குள் கேட்டுவிட்டது. அந்தோணி இழுத்துவிட்டார். அடுத்து வால்வு. வால்வு சீறலுக்குப் பக்கத்தில் இருந்தது.

நான் தடவித் தடவி இறங்கித் தரைக்கு வரும்போது சீறல் மெலிந்து நின்றது. சிஸ்டர் புடவைத் தலைப்பை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி, வால்வைப் பிடித்தபடியே முழங்காலில் இருந்தார். இழுத்து வெளியே கொண்டுவந்து தண்ணீரால் முகத்தைக் கழுவினோம். ஓடையிலிருந்து சார் வாளிகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"கண்ணைத் திறங்கோ அம்மா. என்னைப் பாக்க முடியறதா?"

சிஸ்டர் மெல்லத் திறந்தார். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம்.

"முடியுது சார். ஆனா வேஷ்டிய எங்க விட்டுட்டு வந்தீங்க?"

ஓடைக்கரைப் புதரில் மாட்டியிருந்தது. முழங்கால்வரை சேறும், காக்கி அரைக்கால் சட்டையுமாக நின்ற சாரைப் பார்த்து, இருமிக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு அந்தோணி நேரே காய்க்கூடத்துக்குள் போனார். நாங்களும் போனோம். ஈரச்சாக்குகள் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் ஒவ்வொரு தட்டிலும் ஒரு காயை எடுத்து மோந்து பார்த்து, சாரிடம் நீட்டினார். சார் மோந்து பார்த்து, கடித்து, என்னிடம் நீட்டினார். நான் சிஸ்டரிடம். எங்கள் மூக்கு அப்போது எதற்கும் லாயக்கில்லை. ஆனாலும் அத்தனை தட்டையும் பார்த்து முடித்தோம். சிலுவை போட்டுக்கொண்டு, "ஏலக்காதான்" என்றார் அந்தோணி. எனக்கு அதன் பிறகு வெகுநாள் பாயசம் இறங்கவில்லை.

ஈய வளையம் வேண்டும். சாலை அடைத்த மலையில் ஈயத்துக்கு எங்கே போவது? அதையும் அந்தோணியே தீர்த்தார். காட்டுப்பன்றி விரட்டும் காவல்காரரிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. அவரிடமிருந்து ஈயக் குண்டுகளை வாங்கி வந்தார். கரண்டியில் உருக்கி, கல்லில் ஊற்றி, சுத்தியால் தட்டி வளையம் செய்தேன். சார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். எனக்குக் காது சூடாகவில்லை. இணைப்பைப் பூட்டிய பின், ஜீப்பில் இருந்த சின்ன சிலிண்டரிலிருந்து அம்மோனியாவை விட்டு உள்ளேயிருந்த காற்றைத் துரத்தினோம். அதற்கு ஒரு வழி உண்டு. குழாய் முனையைத் தண்ணீரில் முக்கிவைக்க வேண்டும். குமிழி வந்தால் காற்று. காற்று தீர்ந்து அம்மோனியா வந்ததும் தண்ணீர் அதை அப்படியே குடித்துவிடும், குமிழி மேலே வராது. குமிழி நின்றதும் மூடினோம். கந்தகத் திரியைச் சார் இந்த முறை சிஸ்டர் கையில் கொடுத்தார். அவர் குழாய் நெடுகக் கொண்டுபோனார். எங்கும் வெள்ளைப் புகை எழவில்லை.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தபோது சின்ன உருளையைச் சுற்றி ஐஸ் பிடித்திருந்தது. பிளாஸ்கில் கடைசி ஐஸ் கரைவதற்குள் மருந்துக் குப்பிகளை எடுத்து ஐஸில் படாமல் பலகைத் தட்டில் தள்ளி வைத்தார் சிஸ்டர். ஓடை வடிந்ததும் அக்கரைத் தாய்மார்கள் குழந்தைகளை மழைக்குத் தலைமேல் போடும் கொங்காணிக்குள் பொத்திக்கொண்டு வந்தார்கள். ஸ்டோர் வாசலில் கணப்புக்குப் பக்கத்தில் வரிசை. ஊசி விழுந்ததும் அலறல், அலறலுக்கு அந்தோணி கையிலிருந்து ஒரு கற்கண்டு. அந்த மழைக்காலத்தில் அதற்குப் பிறகு எந்தக் குழந்தையும் போகவில்லை.

சாலை திறந்ததும் சார் பெட்டியைக் கழற்றச் சொன்னார். வெயில் பெட்டி வெயிலில் ஓடவில்லை. சோதனை முடிந்தது, ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் நியாயம். நான் ஸ்பானரை எடுத்தேன். சிஸ்டர் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இத எங்க கொண்டு போறீங்க? மறு தவணை இருக்குல்லா?"

"இங்கே வெயில் இல்லையே, அம்மா."

"வெயில் இல்லன்னா என்ன, அடுப்பு இருக்குல்லா. நீங்க போங்க. நானும் அந்தோணி அண்ணனும் பாத்துக்கிடுதோம்."

சார் அவரையும் அந்தோணியையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு சுற்று தனியாக ஓட்டச் சொன்னார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். ஒரு தவறும் இல்லை. சார் என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி, கைக்குட்டையால் துடைத்து, சிஸ்டரிடம் கொடுத்துவிட்டார்.

கரண்ட் கம்பி அந்தத் தோட்டத்துக்கு ஏறும்வரை, காய் உலர்த்தும் மாதங்களில் அடுப்பிலும் மற்ற மாதங்களில் வெயிலிலுமாக அந்தப் பெட்டி ஓடியது. நாங்கள் இன்னும் சில பெட்டிகள் செய்தோம். பெரிய அளவில் அது பரவவில்லை. பட்டறை ஐஸ் பிளாண்டு வேலைக்கே திரும்பியது. அதில் எனக்கு வருத்தமில்லை. நல்ல வேலை, நல்ல சம்பளம், நல்ல மனிதர்கள். ஆனால் வந்த இரண்டு பேரும் கேட்டால் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது நாங்கள் மலையிறங்கிய நாளைத்தான்.

ஜீப் போடிமெட்டைத் தாண்டியது. எதிரே வரும் வண்டி தெரியாத மூட்டம். சில வளைவுகள் இறங்கியதும் மூட்டம் மேலேயே நின்றுவிட்டது. கீழே போடிச் சமவெளி முழுதும் வெயில், கண்ணைக் குத்தும் வெயில். சார் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிச் சாலையோரத்தில் போய் நின்று, கைவிரல்களால் புருவத்துக்கு மறைப்புக் கொடுத்து, நேராக மேலே பார்த்தார். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வருகிறவனைப் பார்க்கிற பார்வை.

"இப்போ வந்து என்னத்துக்கு?" என்றார் சூரியனிடம். "வேலை முடிஞ்சாச்சே."